கையில் பிடித்தால் எச்.எஸ்.எஸ்., ஸ்டாண்டில் மாட்டினால் கார்பைடு

மாந்தோப்பு மோட்டாரைத் தொட்டி நிரம்பியதும் நிறுத்துகிற சர்க்யூட் போர்டை எடுத்துக்கொள்வோம். எட்சிங் (வேண்டாத செம்பைக் கரைத்தெடுப்பது) வரை அழகாக வந்த போர்டு, துளை போடும்போதுதான் கெடும்.

எஃப்.ஆர்.4 என்கிற வகைப் போர்டுக்குள் இருப்பது கண்ணாடி இழை. எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்டை, அதாவது சாதாரண எஃகுத் துளையூசியை, அது சீக்கிரம் மழுக்கிவிடும். எஃகைவிடக் கடினமான கார்பைடு பிட் நீண்ட நாள் தாங்கும். ஆனால் கொஞ்சமும் வளையாது. கை லேசாகச் சாய்ந்தாலே படக்கென்று ஒடியும். டிரில்லை நேராகப் பிடிக்கும் ஸ்டாண்டு இல்லாதவர்கள் கார்பைடு வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் எஸ்.பி. ரோடு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போய் வாங்குவதானால், கார்பைடு பிட்டின் தண்டு பெரும்பாலும் 3.175 மி.மீ. இருக்கும், உங்கள் டிரில்லின் சக் (பிட்டைக் கவ்வும் வாய்) அதைப் பிடிக்குமா என்று முதலில் பாருங்கள்.

துளை அளவு இப்படி: ஐசி, ரெசிஸ்டருக்கு 0.8 மி.மீ. 1என்4007 டயோடுக்கு 1 மி.மீ. மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் ரிலே, வயர் மாட்டும் ஸ்க்ரூ டெர்மினல் இரண்டுக்கும் 1.3. மூலை ஸ்க்ரூவுக்கு 3.2.

12 வோல்ட் மினி டிரில்லில் பெரிய தொல்லை ஆட்டம். ஓடவிட்டு பிட்டின் நுனியைப் பாருங்கள். ஒற்றைக் கோடாகத் தெரிந்தால் சரி. இரட்டையாகத் தெரிந்தால் சக்கைத் தளர்த்தி, பிட்டை அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி இறுக்குங்கள்.

போர்டின் லேஅவுட் (செம்புக் கோடுகளின் வரைபடம்) போடும்போதே ஒவ்வொரு பேடின், அதாவது காலைப் பற்றவைக்கும் செம்பு வட்டத்தின், நடுவிலும் 0.4 மி.மீ. வெற்றிடம் விடுங்கள். அங்கே செம்பு கரைந்து சின்னக் குழி விழும், பிட் தானே போய் உட்காரும். குழி இல்லையென்றால் நுனி வழுக்கி, ஐசியின் கால் வரிசை கோணலாகிவிடும்.

துளையைச் செம்புப் பக்கத்திலிருந்தே போடுங்கள். மறுபக்கத்திலிருந்து போட்டால் வெளியே வரும் பிட் பேடைத் தள்ளிப் பெயர்த்துவிடும். ரிலே பேடு பெயர்ந்தால் அந்தப் போர்டை மோட்டாருக்கு மாட்டவே கூடாது. அடியில் எம்.டி.எஃப். (மரத்தூள் பலகை) துண்டு வையுங்கள். அதில் விழுந்த பழைய ஓட்டைக்கு நேராக வைத்தால் முட்டுக் கிடைக்காது, ஒவ்வொரு முறையும் நகர்த்துங்கள். துளையைச் சுற்றி வெள்ளை வளையம், கருகல் வாசம் வந்தால் பிட் மழுங்கிவிட்டது, அழுத்தாதீர்கள், மாற்றுங்கள்.

தூசியை வாயால் ஊதவே கூடாது. கிரானைட் பட்டறைத் தூசிக்குக் காட்டுகிற அதே பயத்தை இதற்கும் காட்டுங்கள்: என்95 மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி, துடைக்க ஈரத்துணி. ஃபேனை நிறுத்திவிடுங்கள்.

விளிம்பில் பிசிறு நின்றால் 400 நம்பர் உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு போதும். பெரிய பிட்டைத் திருகிப் பிசிறெடுத்தால் சின்னப் பேடில் செம்பே மிஞ்சாது.