துவக்கு லைசன்ஸ் எடுக்கப் போய்ப் படித்த ரவைக் கணக்கு

கனடாவில் மான் வேட்டைக்குப் போவதென்றால் முதலில் துவக்கு லைசன்ஸ் வேண்டும். கடையில் ரவை வாங்கவும் அதே அட்டையைத்தான் காட்ட வேண்டும். வேலைத்தலத்து நண்பர்கள் ஒவ்வொரு நவம்பரும் கூப்பிட்டபடி இருந்ததால் நானும் பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்தேன். துவக்கைத் திறப்பது, பூட்டுவது எல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிட்டது. தலையைச் சுற்ற வைத்தது ரவைப் பாடம்தான்.

தொடக்கம் லேசு. ஒரு ரவைக்கு நான்கு பாகம்: பித்தளைக் கோது, அதன் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, நுனியில் சன்னம். ஷொட்கன், அதாவது பல சிறு சன்னங்களை ஒன்றாகச் சுடும் துவக்கின் ரவை என்றால் பெரும்பாலும் பிளாஸ்டிக் கோது, மருந்துக்கும் சன்னங்களுக்கும் நடுவில் ‘வாட்’ என்ற அடைப்பு. .22 ரவையில் பிரைமர் தனியாகத் தெரியாது; அடித்தட்டின் விளிம்புக்குள்ளேயே பற்றுமருந்து இருக்கும். அது ரிம்ஃபயர். நடுவில் பிரைமர் இருந்தால் சென்டர்ஃபயர்.

அப்புறம் ரவைகளின் பெயரில் வரும் எண்கள் வந்தன. .30-30, .30-06 இரண்டிலும் முன்னால் இருப்பது அங்குலத்தில் குழலின் விட்டம். பின்னால் இருப்பது? முதலாவதில், அந்த நாளில் போட்ட மருந்தின் எடை, கிரெய்ன் என்ற சிறு எடை அலகில் 30. இரண்டாவதில், அமெரிக்க இராணுவம் அதை ஏற்றுக்கொண்ட 1906ஆம் ஆண்டு! .270 வின்செஸ்டர் என்ற ரவையின் சன்னத்தை அளந்தால் .277 அங்குலம் வருகிறது. பெட்டியில் ‘150 கிரெய்ன்’ என்று போட்டிருந்தால் அது மருந்தின் எடை இல்லை, சன்னத்தின் எடை. ஷொட்கனிலோ எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும்: குழல் அளவுக்கு ஈய உருண்டை வார்த்தால் ஒரு இறாத்தலுக்கு 12 உருண்டை வருவது 12 கேஜ், 20 வருவது 20 கேஜ். .410 மட்டும் அங்குலக் கணக்கு.

பக்கத்தில் இருந்த வயதான அண்ணை, “தம்பி, ஊரில வேட்டைத் துவக்குக்கு இவ்வளவு கதை இருக்கேல்லை” என்றார்.

என்னைக் கேட்டால், இந்த எண்களில் ஒரு ஒழுங்கைத் தேடவே கூடாது. குழலில் பொறித்திருப்பதும் ரவையின் அடியில் பொறித்திருப்பதும் அப்படியே ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஏன் என்பதை ஆசிரியர் செய்தே காட்டினார். 12 கேஜ் துவக்கில் 20 கேஜ் போலி ரவை ஒன்றைப் போட்டார். அது வழுக்கிக்கொண்டு உள்ளே போய் முன்னால் சிக்கியது. பின்னால் பார்த்தால் ரவை உட்காரும் அறை வெறுமை. அதன் பின்னால் 12 கேஜ் ரவையைப் போட்டு மூடினார்; தடையில்லாமல் மூடியது. உண்மை ரவையாக இருந்து சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் கோதுக்கு மஞ்சள் நிறம் ஒதுக்கியிருப்பது இதற்காகத்தான்.

நீளத்திலும் இதே பொறி. 2¾ அங்குல அறைக்குள் 3 அங்குல ரவை போய் உட்காரும், ஏனென்றால் அந்த நீளம் சுட்டபின் வாய் விரிந்த கோதின் நீளம். விரிய இடமில்லாவிட்டால் அழுத்தம் ஏறிவிடும்.

எழுத்துப் பரீட்சையில் 50 கேள்வி, 80 வீதம் எடுத்தால் பாஸ். நீர்ப்பறவைக்கு ஈயச் சன்னம் 1999 முதல் நாடு முழுக்கத் தடை, ரவை வெடிக்காவிட்டால் குழலைப் பாதுகாப்பான பக்கம் பிடித்தபடி 60 செக்கன் காத்திருக்க வேண்டும், இப்படியானவற்றைக் கவனமாகப் படியுங்கள். செய்முறையில் கலந்து கிடக்கும் போலி ரவைகளில் கையிலுள்ள துவக்குக்கு உரியதை எடுக்கச் சொல்வார்கள். எடுக்கும் அவசரத்தில் குழல் ஆள் பக்கம் திரும்பினாலோ விரல் விசையில் பட்டாலோ புள்ளி போகும்.

பாஸான பிறகு விண்ணப்பம். புதியவர்களுக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு. மனைவி கையெழுத்துப் போடாவிட்டால் அவருக்கு அறிவித்தல் போகும், ஆகவே வீட்டில் முதலே கதைத்துவிடுங்கள். ஒன்ராறியோவில் வேட்டைக்கு வேறாக ஒரு வகுப்பும் அதற்கொரு பரீட்சையும் உண்டு. இரண்டையும் சேர்த்து ஒரே வார இறுதியில் நடத்துபவர்களிடம் போனால் அலைச்சல் மிச்சம்.