முதலில் தொட்டியைத் தூக்கிப் பார்க்கிறேன்

சிங்கப்பூர் ஈசூனில் ஒரு நாலறை வீடு. கதவைத் திறந்த அம்மா, ஆர்ஓ குடிநீர் வடிகட்டியைக் காட்ட நேராகச் சமையலறைக்கு அழைத்துப் போனார். "முதல் டம்ளர் நல்லா வருது தம்பி. அப்புறம் நூல் மாதிரி ஒழுகுது. ஒரு பானை பிடிக்க அரைமணி நேரம் நிக்கணும்." மெம்பிரேன் (தண்ணீரைச் சுத்தமாக்கும் மெல்லிய சவ்வு) போயிருக்கும், மாற்ற வேண்டும் என்று யாரோ போனில் சொல்லியிருந்தார்களாம்.

நான் சிங்க்குக்குக் கீழே குனிந்து, வடிகட்டிய தண்ணீர் சேரும் தொட்டியை இரு கையாலும் சற்றுத் தூக்கினேன். நல்ல கனம். தண்ணீர் நிறைய இருக்கிறது, ஆனால் வெளியே வரவில்லை. மெம்பிரேன் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது.

இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், இதே புகாருக்கு ஒரு வீட்டில் மெம்பிரேனை மாற்றினேன். மாற்றி முடித்தபோது தொட்டி காலியாக இருந்ததால், "தொட்டி நிறைய மூன்று மணி நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இரண்டே நாளில் அதே வீட்டிலிருந்து அழைப்பு. அதே நூல் தண்ணீர். தேவையில்லாத பொருளுக்கு அவர்களிடம் காசு வாங்கியது இன்றைக்கும் உறுத்துகிறது. முதலாளியிடம் சொல்லித் திருப்பிக் கொடுக்க வைத்தேன்.

தொட்டிக்குள் ஒரு ரப்பர் பை உண்டு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. குழாயைத் திறந்தால் அந்தக் காற்றுதான் தண்ணீரைத் தள்ளுகிறது. மெம்பிரேன் நேரடியாக அவ்வளவு வேகத்தில் தர முடியாது. நாளுக்கு 75 கேலன் என்று எழுதியிருக்கும் மெம்பிரேன் நாள் முழுக்க ஓடினால்தான் சுமார் 284 லிட்டர். நிமிடத்துக்கு 200 மில்லிகூட இல்லை. காற்று மெல்லக் கசிந்துவிட்டால் தொட்டி நிறைந்திருந்தும் பயனில்லை.

தண்ணீர் வரும் வால்வை மூடி, குழாயைத் திறந்து, தொட்டியைக் கடைசிச் சொட்டுவரை வடித்தேன். தண்ணீரோடு காற்றை அளந்தால் அளவு தப்பாகக் காட்டும். பக்கத்தில் இருக்கும் சின்ன மூடியைக் கழற்றினால் உள்ளே கார் டயரில் இருப்பது போன்ற வால்வு. அதை அழுத்தியதும் தண்ணீர் தெறித்தால் பை கிழிந்துவிட்டது, தொட்டியையே மாற்ற வேண்டும். இங்கே காற்று மட்டும்தான் வந்தது, அதுவும் பெருமூச்சு மாதிரி. அழுத்தம் அளக்கும் கேஜ் 2 பிஎஸ்ஐ காட்டியது. சைக்கிள் பம்பால் 7 வரை ஏற்றினேன்.

தொட்டி லேசாக இருந்தால் கதை வேறு. அப்போது தண்ணீரே உருவாகவில்லை. முதல் வடிகட்டி பழுப்பேறி அடைத்திருக்கலாம், குழாய் எங்காவது மடங்கியிருக்கலாம். உள்ளே வரும் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். கடைசி மாடி வீடுகளில் நான் இதைத்தான் முதலில் அளக்கிறேன். தண்ணீர் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கினால், 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 14 பிஎஸ்ஐதான் கிடைக்கும். இந்த வடிகட்டிகள் ஓட 40 அளவாவது வேண்டும். அங்கே அழுத்தத்தைக் கூட்டும் ஒரு சின்ன பூஸ்டர் பம்ப் வைத்தால் போதும். குளிர்நாடுகளில் தண்ணீர் சில்லென்றாலே வரத்து குறைந்துவிடும். நமக்கு அந்தக் கவலை இல்லை. இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் மெம்பிரேனைத் தொடுவேன்.

வால்வைத் திறந்துவிட்டேன். வடித்த தொட்டி மறுபடி நிறையும்வரை மூன்று மணி நேரம் காத்திருக்க முடியாது. பக்கத்து புளோக்கில் இன்னொரு வேலையை முடித்துவிட்டு, சாயங்காலம் திரும்பிப் போனேன். அம்மா பானையை வைத்துக் குழாயைத் திறந்தார். முழுப் பானையும் ஒரே வேகத்தில் நிறைந்தது.

"மெம்பிரேனுக்கு எவ்வளவு வெள்ளி தம்பி?"

"மாத்தலம்மா. காத்துதான் அடிச்சேன்."

தொட்டியின் மேல் மார்க்கர் பேனாவால் அன்றைய தேதியையும் 7 என்றும் எழுதிவிட்டு வந்தேன். அடுத்து வருபவர் முதலில் அதைப் பார்க்கட்டும்.