102 தனிமங்களைப் பாடியவர்

28 ஜூலை 2025

கேலிப் பாட்டுகள் எழுதிப் பாடிய அமெரிக்கர் டாம் லெரர் போய்விட்டார். சனிக்கிழமை, அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், தன் வீட்டில். வயது 97. செய்தியைப் படித்ததிலிருந்து பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை அவருடைய தனிமங்கள் பாட்டுதான் காதில் ஓடியது. அதைப் போட்டுக் காட்டாமல் எந்த வருடமும் நான் தனிம வரிசை அட்டவணையைத் தொடங்கியதில்லை.

29 ஜூலை

"அவர் கெமிஸ்ட்ரி சாரா மிஸ்?" என்று முதல் பெஞ்சிலிருந்து கேள்வி. இல்லை, கணக்கு. 15 வயதில் ஹார்வர்டில் சேர்ந்து 18 வயதில் பட்டம் வாங்கியவர். நண்பர்களைச் சிரிக்க வைக்கப் பியானோவில் உட்கார்ந்து பாடத் தொடங்கினார். 1953இல் பாஸ்டனில் ஒரு ஸ்டுடியோவை ஒரு மணி நேரத்துக்கு எடுத்தார். செலவு 15 டாலர். முதலில் போட்டது 400 இசைத்தட்டுகள். வானொலிக்காரர்கள் அந்தப் பாட்டுகளைத் தொடவே பயந்தார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போன மாணவர்கள் தட்டையும் கையோடு கொண்டுபோனார்கள். அப்புறம் ஊர் ஊராகத் தபாலில் ஆர்டர் வந்தது.

1 ஆகஸ்ட்

இரவு அந்தப் பாட்டை எழுதி வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்த்தேன். மெட்டு, ஆர்தர் சல்லிவன் 1879இல் ஒரு இசை நாடகத்துக்குப் போட்டது. 1959இல் லெரர் அதில் அன்று தெரிந்திருந்த 102 தனிமங்களையும் அடைத்துவிட்டார். அணு எண் வரிசை கிடையாது, ஓசைதான் வரிசை. ஆன்டிமனி, ஆர்செனிக், அலுமினியம் என்று எடுப்பிலேயே நம் மோனை. ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் அடுத்தடுத்து வரும்போது இயைபு. பொருளே இல்லாத வெறும் பெயர்கள், ஆனாலும் ஒரு பெயரை இடம் மாற்றினால் பாட்டு நொண்டுகிறது. இது விளையாட்டுப் பாட்டுதான். ஆனால் வெண்பா எழுதுகிறவர் படும் பாடு இதில் இருக்கிறது. கணக்கு வாத்தியாரின் மூளை பாட்டெழுத உட்கார்ந்தால் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

மகளோடு உட்கார்ந்து 1965 இசைத்தட்டு முழுவதும் கேட்டேன். வெர்னர் ஃபான் பிரவுன் பற்றிய பாட்டில் அவள் சிரித்தாள். ஹிட்லருக்காக அவர் செய்த வி-2 ராக்கெட் லண்டனில் விழுந்ததையும், அவரே பிறகு அமெரிக்காவின் நிலவுப் பயணத்துக்கு ராக்கெட் செய்ததையும் சொன்னேன். மறுபடி போடச் சொன்னாள். மேலே அனுப்புவதுதான் என் வேலை, எங்கே விழுகிறது என்பது வேறு துறை என்று அந்த விஞ்ஞானி சொல்வதாக வரும் இடத்தில் இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

வியட்நாம் போரை நடத்தியவர்களில் ஒருவரான அமெரிக்க அமைச்சர் கிஸிஞ்சருக்கே அமைதிக்கான நோபல் கிடைத்ததால், இனி கேலிக்கு வேலையில்லை என்று லெரர் பாடுவதை நிறுத்தினார் என்று ஒரு கதை உண்டு. அது தவறு. நோபல் 1973இல், மேடையை அவர் பெரும்பாலும் விட்டது அதற்குப் பல வருடம் முன்பே. 1972 முதல் 2001 வரை கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் கணக்கும் இசை நாடகமும் சொல்லிக்கொடுத்தார். இவ்வளவு புகழை விட்டுவிட்டு வகுப்பறைக்கா என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

6 ஆகஸ்ட்

மூன்று வருடம் முன்பு ஒரு சினிமா மெட்டில் அமில-காரப் பாட்டு எழுதி, பிள்ளைகள் பாடிய வீடியோவை வலையேற்றினேன். உரிமை கேட்டு ஒரு நிறுவனம் அதை எடுக்க வைத்துவிட்டது. பிள்ளைகள் அழுதது இன்னும் மறக்கவில்லை.

லெரர் 2020இல் தன் பாடல் வரிகளை எல்லோருக்கும் பொதுவாக்கினார். 2022இல் தன் இசையின் உரிமையையும் விட்டுக்கொடுத்தார். யார் வேண்டுமானாலும் பாடலாம், மாற்றலாம், காசும் வாங்கலாம், அவரிடம் கேட்கவே வேண்டாம். படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சரி, தமிழில் எழுதிவிடலாம்.

9 ஆகஸ்ட்

அவர் பாடியபோது இல்லாத தனிமங்கள் 16. லாரன்சியத்தில் தொடங்கி 14 பெயர்கள் 'இயம்' என்று முடிந்து வரியில் தானாக உட்கார்ந்துவிட்டன. டென்னசினும் ஒகனெசானும்தான் அடங்கவில்லை. நான் இரண்டு நாள் முட்டிக்கொண்டதை ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மதிய இடைவேளையில் தீர்த்துவிட்டாள்: "ரெண்டையும் கடைசியில சேர்த்துப் போடுங்க மிஸ், ரெண்டுமே 'ன்'-ல தானே முடியுது." பாடிப் பார்த்தோம். நின்றது.

திங்கள்கிழமை முதல் ஒத்திகை.