ஃபார்ம் 700-இல் என் கையெழுத்து

1996-இல் தக்காணத்தில் ஒரு விமானப்படைப் பயிற்சித் தளத்தில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிப்பவனாக இருந்தேன். தாம்பரத்தில் படித்துவிட்டுப் போனவன். எங்களிடம் இருந்தவை கிரண் விமானங்கள். ஆசிரியரும் மாணவரும் அருகருகே உட்கார்ந்து பறக்கும் ஜெட். ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் சோதித்து, விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான ஃபார்ம் 700-இல் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் பார்த்துத்தான் பைலட் விமானத்தை ஏற்றுக்கொள்வார்.

அன்று காலை முதல் விமானத்துக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஓடுபாதையில் வேகம் பிடித்துக்கொண்டிருந்தபோது, வரிசையில் நின்ற எங்களுக்கே கேட்கும்படி ‘டப்’பென்று ஒரு சத்தம். இடது டயர். விமானம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு புல்லில் இறங்கியது. முன்சக்கரம் மடிந்து, மூக்கு மண்ணில் குத்தி நின்றது. புழுதி அடங்கும்வரை எனக்கு மூச்சே வரவில்லை. அதில் இருந்த இஜெக்‌ஷன் சீட், அதாவது ஆபத்தில் பைலட்டை வெளியே தூக்கி எறியும் இருக்கை, தரைமட்டத்திலேயே வேலை செய்யும்தான், ஆனால் 90 நாட், அதாவது மணிக்குச் சுமார் 167 கிலோமீட்டர் வேகமாவது இருக்க வேண்டும். புல்லில் வேகம் செத்த பிறகு அதை நம்ப முடியாது. நல்லவேளை, இருவரும் தாங்களாகவே இறங்கி ஓடி வந்தார்கள். மாணவருக்குத் தாடையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் ஃபார்ம் 700-ஐ எடுத்துப் பூட்டிவிட்டார்கள். எரிபொருள் மாதிரி, என் கருவிப்பெட்டி, நான் காற்று பார்த்த கேஜ், எல்லாவற்றுக்கும் சீல். யாரோடும் பேசி ஒப்பிடாமல் தனியாக உட்கார்ந்து நடந்ததை எழுதச் சொன்னார்கள். அந்த ராத்திரி தூங்கவில்லை. வீட்டுக்கும் சொல்லவில்லை. அம்மா பயந்துவிடுவாள்.

மூன்றாம் நாள் கோர்ட் ஆஃப் என்கொயரியில், அதாவது படையின் உள்விசாரணையில், கூப்பிட்டார்கள். மூன்று அதிகாரிகள். சத்தியப் பிரமாணம் முடிந்ததும் தலைமை அதிகாரி என் வாக்குமூலத்தில் ஒரு வரியைக் காட்டினார்: ‘டயர்களில் வெட்டு, கோடு இரண்டையும் பார்த்தேன்.’

“எப்போதும் பார்ப்பீர்களா, அன்றைக்குப் பார்த்தீர்களா?”

நாக்கு ஒட்டிக்கொண்டது. கோடு என்பது டயரையும் ரிம்மையும் சேர்த்துப் போடும் வெள்ளைப் பெயின்ட் கோடு. ரிம்மின் மேல் டயர் நழுவியிருந்தால் கோடு இரண்டாக விலகித் தெரியும். தினமும் செய்கிற வேலை என்பதால் ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் நினைவில் வித்தியாசமே இருப்பதில்லை. கண்ணை மூடி யோசித்தேன். முந்தின நாள் மழை. இடது சக்கரத்தில் செம்மண் அப்பியிருந்தது, கோடு தெரியவில்லை, இடுப்பில் செருகியிருந்த துடைப்புத் துணியால் துடைத்தேன். துடைத்த இடத்தில் கோடு நேராக இருந்தது. அதைச் சொன்னேன். வலது டயரின் கோடு நினைவில் இல்லை, அதையும் சொன்னேன். காற்றழுத்தம் எவ்வளவு என்று கேட்டார்கள். எண் ஞாபகமில்லை சார், ஃபார்மில் எழுதியதுதான் என்றேன். கேஜின் அளவுச்சோதனைத் தேதி சரியாக இருந்தது, அதையும் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் எங்கள் சார்ஜென்ட், “தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னியா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

இதுபோன்ற விசாரணைக்குப் போகிற தம்பிகளுக்கு ஒன்று. உங்கள் நடத்தை மீதே கேள்வி வந்தால், விசாரணை முழுக்க உடனிருக்கவும் சாட்சிகளைக் கேள்வி கேட்கவும் விதியில் இடம் உண்டு. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அந்த நிலை வரவில்லை. ஓடுபாதையின் மூட்டில் பெயர்ந்த கான்கிரீட் சில்லு ஒன்று, கட்டைவிரல் நகம் அளவு, கிழிந்த ரப்பருக்குள் செருகியிருந்தது. மறுநாள் விடியும் முன்பே நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்று, குனிந்து, ஓடுபாதையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டே நடந்தோம்.