இரத்தம் நல்லாகிவிட்டது, கட்டியை ஏன் எடுக்க வேண்டும்?

விதைப் புற்றுநோய் வயிற்றுக்குள் பரவி, மூன்று நான்கு சுற்று கீமோவும் முடிந்த பிறகு "இரத்தம் நல்லாகிட்டுது", அதாவது புற்றைக் காட்டும் இரத்த அளவுகள் இறங்கிவிட்டன என்று டாக்டர் சொன்னால், கிளினிக்கை அத்தோடு விட்டுவிடத்தான் மனம் சொல்லும். ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போய் வந்தால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடுமே. தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

விதைப் புற்றில் செமினோமா, செமினோமா அல்லாதது என்று முக்கியமாக இரண்டு வகை உண்டு. செமினோமா அல்லாத வகையில், முதுகெலும்புக்கு முன்னால் பெருநாடியைச் சுற்றி 1 சென்டிமீட்டருக்கு மேல் கட்டி மிச்சமிருந்தால் அதை எடுக்க வேண்டும். எடுத்துச் சோதித்தால் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் செத்த திசுதான் இருக்கும். பத்துக்கு நாலு பேரளவில் டெரடோமா என்ற, பலவகைத் திசு கலந்த கட்டி, ஒருவருக்கு உயிருள்ள புற்று. எது என்று ஸ்கேன் பிரித்துச் சொல்லாது. டெரடோமாவால் ஏஎப்பி, எச்சிஜி என்ற அந்த இரத்த அளவுகள் ஏறாது. கீமோவுக்கும் கதிருக்கும் அது அசையாது. மெதுவாகப் பெருத்துச் சிறுநீர்க்குழாயை நெரிக்கும், சிலருக்குக் கொடிய புற்றாகவும் மாறும். செமினோமாவுக்கு வழி வேறு: அநேகமாகக் கத்தி வைக்காமல் கவனித்து வருவார்கள்.

கீமோ முடிந்து 4 முதல் 8 வாரத்தில் ஒப்பரேஷன். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை வெட்டுவார்கள். கட்டி ஒட்டிப்போயிருந்தால் ஒரு சிறுநீரகத்தையும் சேர்த்து எடுக்க நேரலாம்.

மயக்க மருந்து டாக்டரிடம் "ப்ளியோமைசின் ஏற்றியிருக்கிறது" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், கிளினிக் கொப்பியையும் காட்டுங்கள். கீமோவில் ஏற்றும் அந்த மருந்து நுரையீரலைக் கெட்டியாக்கலாம். அளவுக்கு மீறிய ஒட்சிசனும் சேலைனும் ஆபத்து. லயத்துப் படி ஏற முன்னைவிட மூச்சு வாங்கினால் அதையும் மறைக்க வேண்டாம்.

விந்தை வெளித்தள்ளும் நரம்புகள் கட்டியின் பக்கத்திலேயே ஓடுகின்றன. அவை அறுபட்டால் விந்து வெளியே வராது. ஆனால் விறைப்பும் உணர்வும் போகாது. குழந்தை வேண்டுமென்றால் விந்தைச் சேமிப்பதைக் கீமோவுக்கு முன்பே கேட்க வேண்டும். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு வயிறு நாளுக்கு நாள் ஊதினால், நிணநீர் கசிந்து பால்போல உள்ளே தேங்கியிருக்கலாம். உடனே திரும்பிப் போங்கள். இதைத் தவிர்க்கத்தான் சில வாரம் கொழுப்பைக் குறைக்கச் சொல்வார்கள். ரொட்டிக்குத் தேங்காய்ப்பூ, சம்பல், பால்கறி மூன்றும் அதில் அடங்கும். ஒரு காலில் மட்டும் வீக்கமோ திடீர் மூச்சுத்திணறலோ வந்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம், விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஆறு எட்டு வாரத்துக்குக் கொழுந்து மூட்டை, விறகுக் கட்டு எதையும் தூக்க வேண்டாம்.

திசுச் சோதனை ரிப்போட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் உயிருள்ள புற்று என்று இருந்தால் இன்னும் இரண்டு சுற்று கீமோ தேவைப்படலாம்.