உள்ளங்காலைக் காட்டுங்கள், ஆச்சி

2025 பிப்ரவரி 14, வெள்ளி, காரைக்குடி

பழனிக்கு நடந்துபோனவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். தைப்பூசம் முடிந்த வாரம் என் கிளினிக்கில் கால்கள்தான் வரிசையில் நிற்கும். கொப்புளம், வெடிப்பு, சீழ் வைத்த முள் குத்து. இன்று கோட்டையூரிலிருந்து ஒரு பையன் வந்தான். குதிகால் ஓரத்தில் கருப்புக் கருப்பாகப் புள்ளிகள். செல்போனில் எதையோ படித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். “கேன்சர்தானே டாக்டர்? நாளைக்கே வெட்டி எடுத்துருங்க.”

பிளேடால் மேல்தோலை மெல்லச் சீவினேன். வலியே இல்லை. கருப்பு, காய்ந்த பொடியாக உதிர்ந்து வந்தது. கீழே சுத்தமான தோல். நடந்து நடந்து நசுங்கியதில் தோலடியில் உறைந்துபோன ரத்தம், அவ்வளவுதான். பையன் பொடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் செல்போனில் படம் எடுத்துக்கொண்டான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

கல்யாணப் பெண்ணும் அம்மாவும். கண்ணுக்குக் கீழே மிளகளவு மச்சம். அங்கே மச்சம் இருந்தால் பெண் அழுதுகொண்டே இருப்பாள் என்று சம்பந்தி வீட்டில் யாரோ சொல்லிவிட்டார்கள். (மாப்பிள்ளை வீட்டார் அழவைக்காமல் இருந்தால் போதாதோ?) ஒரு அழகு நிலையத்தில் லேசர் வைத்துப் பொசுக்கிவிடலாம் என்றார்களாம்.

சின்ன வயதிலிருந்தே இருப்பது, உருண்டை, ஒரே நிறம். மருத்துவப்படி எடுக்கவே வேண்டாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால் வெட்டித்தான் எடுப்பேன், வெட்டியதைப் பரிசோதனைக்கும் அனுப்புவேன் என்றேன். லேசரில் பொசுக்கிவிட்டால் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்க ஒரு துணுக்குகூட மிஞ்சாது. பத்தாயிரத்தில் ஒன்று தப்பான மச்சமாக இருந்துவிட்டால், தழும்புக்கு அடியில் அது பாட்டுக்கு வளரும், கேட்பாரில்லை. “யோசிச்சுச் சொல்றோம் டாக்டரம்மா” என்று எழுந்தார்கள். நேரே அழகு நிலையத்துக்குத்தான் போயிருப்பார்கள்.

பிப்ரவரி 20, வியாழன்

மெல்போர்னிலிருந்து சித்தி மகன் பேசினான். அங்கே கூட வேலை பார்க்கும் வெள்ளைக்காரர்கள் வருஷா வருஷம் உடம்பு முழுக்க மச்சம் பார்க்கிறார்கள், நானும் போகவா என்றான்.

அவர்கள் பார்த்துக்கொள்வதில் அர்த்தம் உண்டு. மச்சம் போலவே தெரியும் ஆபத்தான தோல் புற்று மெலனோமா; உலகிலேயே அது மிக அதிகம் வரும் நாடுகளில் ஒன்று ஆஸ்திரேலியா. ஆனால் அங்கேயும் தலைவலி இதுதான்: ஒரு மெலனோமாவைப் பிடிக்க எத்தனை நல்ல மச்சங்களை வெட்டுவது? 1998 முதல் 2007 வரை பல நாட்டு மையங்களில் கணக்கெடுத்து 2012இல் வெளியிட்டார்கள். தோல் புற்றுக்கென்றே உள்ள மையங்களில் ஒரு மெலனோமாவுக்குச் சுமார் 13 வெட்டு என்று இருந்தது, பத்து வருஷத்தில் 7 ஆகக் குறைந்திருக்கிறது. மற்ற இடங்களில் 29, கடைசிவரை 29தான். தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப்பைப் பிடித்துப் பழகிய கண்ணுக்கும் பழகாத கண்ணுக்கும் அவ்வளவு தூரம்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் 40 வருஷத்தில் மெலனோமா என்று கண்டுபிடிப்பது ஆறு மடங்காகியிருக்கிறது. சாவு எண்ணிக்கை அந்த வேகத்தில் ஏறவே இல்லை. அப்படியானால் ஆளைக் கொல்லாத எத்தனையோ புள்ளிகளுக்கும் புற்று என்று பெயர் வைத்துவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

நம் தோலில் மெலனோமா அபூர்வம். வந்தால், பெரும்பாலும் வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்தடியில்தான் வந்தது. “முதுகை விடுடா தம்பி, செருப்பைக் கழற்றிக் காலைப் பாரு” என்றேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

கைச் சொறிக்கு வந்த ஆச்சி. ஊர் தேவகோட்டை, வயது எழுபதுக்கு மேல், சர்க்கரையும் உண்டு. காலைக் காட்டச் சொன்னதும், “கையிலதானே அரிக்குது, காலை எதுக்குக் கேக்குறே?” என்று சண்டைக்கு வந்தார். வலது உள்ளங்காலில் பழுப்புத் திட்டு. “அதுவா, கால் ஆணி” என்று கார்ன் கேப் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

கைரேகை போல உள்ளங்காலிலும் மேடும் பள்ளமுமாக வரி ஓடும். மேட்டின் மேல் வியர்வைத் துளைகள், டெர்மோஸ்கோப்பில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். நிறம் பள்ளத்தில் கோடு கோடாக ஓடினால் சாதா மச்சம். துளைகள் இருக்கும் மேட்டில் பட்டையாக ஏறினால்தான் வயிற்றைக் கலக்கும். ஆச்சிக்கு இரண்டிலும் சேராமல் குழம்பிக் கிடந்தது. ஜப்பானிய மருத்துவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: வரி தெளிவாக இல்லையென்றால் அளந்து பார், 7 மில்லிமீட்டரைத் தாண்டினால் பயாப்சி, அதாவது வெட்டி எடுத்துப் பரிசோதனை. அளந்தேன். 9.

படிக்கும்போது ஒரு விவசாயியைப் பார்த்திருக்கிறேன். உள்ளங்கால் மெலனோமாவைக் கால் ஆணி என்றே வைத்தியம் பார்த்து, அது பரவித் தொடையிடுக்கில் நெறி கட்டிய பிறகு வந்தார். அவருக்கு யாரும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆச்சிக்கு நாளை மறுநாள் என்று எழுதிவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

ரிப்போர்ட் வந்துவிட்டது. சாதா மச்சம்.

ஆச்சிக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம். “ஒண்ணுமில்லாததுக்கா காலைக் கிழிச்சே? வளவுல நாலு எட்டு நடக்க முடியலையே.” நியாயம்தான். உள்ளங்கால் தையலைச் சீக்கிரம் பிரிக்க முடியாது, சர்க்கரை வேறு. கல்யாணப் பெண்ணின் மச்சத்தைத் தொடாமல் விட்டவள் இதை வெட்டியிருக்கிறேன். நாளைக்கே இதே மாதிரி இன்னொரு கால் வந்தாலும் வெட்டுவேன். அதை ஆச்சியிடம் சொன்னேன். “நல்லா இருக்கே!” என்றார்.

மார்ச் 14, வெள்ளி

தையல் பிரித்தாயிற்று. புண் ஆறி வருகிறது. ஆச்சி தனியாக வரவில்லை, தங்கையையும் கூட்டிவந்திருந்தார். “இவளுக்கும் கால்ல ஒண்ணு இருக்கு. பாரு. ஆனா கத்தியை எடுத்தா நாங்க கிளம்பிருவோம்.”

நிறம் பள்ளத்தில், கோடு கோடாக. 4 மில்லிமீட்டர். போட்டோ எடுத்து ஃபைலில் போட்டுக்கொண்டு, ஒன்றும் வேண்டாம், வளர்ந்தால் வாருங்கள் என்றேன். தங்கைக்கு அதில் திருப்தியில்லை. “அவளுக்கு மட்டும் பயாப்சி, எனக்கு வெறும் போட்டோவா?”