31 தவணை போயாச்சு, மீதி 63

இன்று காலை கடனின் 31ஆவது தவணை கணக்கிலிருந்து போனது. பல் தேய்த்துக்கொண்டிருந்தேன், குறுஞ்செய்தி வந்தது, எட்டிப் பார்த்தேன், மறுபடியும் தேய்த்தேன். அவ்வளவுதான். முதல் தவணை போன அன்று ஏதோ மலையைப் புரட்டிவிட்ட மாதிரி நானும் மனைவியும் ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம், அடுத்த வருஷம் இப்படி, அதற்கடுத்த வருஷம் அப்படி என்று. இப்போது அந்தப் பேச்சும் இல்லை, பயமும் இல்லை. சலிப்பு மட்டும்தான் இருக்கிறது.

மொத்தம் 60 தவணை. ஆக, பாதியைத் தாண்டிவிட்டேன். பாதி வந்துவிட்ட தெம்பில் போன வாரமே ஸ்டேட்மென்ட்டைத் திறந்து பார்த்ததுதான் தப்பு. கடன் எவ்வளவு என்று சொல்லப் போவதில்லை, 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய 31ஆவது தவணையையும் கழித்தபின் மீதி அசல் கிட்டத்தட்ட 63. பாதிக்கு மேல் கட்டியவனுக்கு மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக மீதி. யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது, உட்கார்ந்து நானே கணக்குப் போட்டேன், சரியாகத்தான் இருந்தது.

வருஷத்துக்கு 24 சதவீதம், மீதி அசல் மேல் வட்டி. அதாவது மாதம் 2 சதவீதம். 100க்கு மாதத் தவணை சுமார் 2.88 வருகிறது. முதல் மாதம் அதில் 2 வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 0.88தான். முதல் வருஷம் முழுக்க 34.5 கட்டியிருப்போம், அசல் 88இல் நிற்கும். இதை எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த முதல் வருஷக் கடைசியில் அப்படி இடிந்துபோய் உட்கார்ந்திருக்க மாட்டேன். கடனை அடைக்கிறவர்கள் பலர் பாதி வழியில் மனம் விட்டுப்போவதற்குச் சோம்பேறித்தனம் காரணம் என்று நான் நம்புவதில்லை. கட்டுகிற பணமும் குறைகிற கடனும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் தெரிவதுதான் ஆளை வீழ்த்துகிறது.

ஆனால் அதே கணக்கில் இன்னொரு விஷயமும் கிடைத்தது. ஒவ்வொரு மாதமும் வட்டிப் பங்கு கொஞ்சம் குறைந்து அசல் பங்கு கொஞ்சம் ஏறுகிறது இல்லையா, 26ஆவது தவணையில் இரண்டும் ஏறக்குறைய சரிசமம். 27இலிருந்து அசல் முந்துகிறது. எனக்கே தெரியாமல் அது நடந்து நாலைந்து மாதம் ஆகிவிட்டது! இன்று போன தவணையில் பாதிக்கு மேல் என் சொந்தக் கடனை அடைத்திருக்கிறது, முதல் தவணையில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கட்டிய தொகை என்னவோ அதேதான். இனி யாராவது தவணைத் திட்டத்தில் சேர்ந்தால், 'பாதி எப்போது' என்று கேட்காதீர்கள், 'அசல் எந்த மாதம் வட்டியை முந்தும்' என்று கேளுங்கள் என்றுதான் சொல்வேன். கடன் கொடுத்தவர்களிடம் தவணை அட்டவணை கேட்டால் கொடுப்பார்கள், அதில் வட்டி, அசல் இரண்டும் தனித்தனியாக இருக்கும். அதை ஒருமுறை பிரிண்ட் எடுத்து அந்த வரியில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் திட்டத்துக்கு முன் நான் இருந்த நிலையையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஏதோ ஒழுக்கசீலன் எழுதுகிற மாதிரி ஆகிவிடும். இரண்டு கிரெடிட் கார்டு, ஒரு தனிநபர் கடன், சாமான் வாங்கிய தவணை ஒன்று, நண்பனிடம் கைமாற்று. கார்டில் மாதம் 3 சதவீதம் வட்டி, வட்டிக்கு வட்டி சேர்த்தால் வருஷத்துக்கு 42 சதவீதத்துக்கு மேல். நான் குறைந்தபட்சத் தொகை 5 சதவீதத்தை மட்டும் தவறாமல் கட்டிக்கொண்டு, 'நான் ஒழுங்காகக் கட்டுகிறவன்' என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியே கட்டினால், புதிதாக ஒரு பைசா செலவழிக்காவிட்டாலும், கடன் பாதியாவதற்கு மட்டும் 32 மாதம் ஆகும். பாதியாவதற்கு!

விழித்துக்கொண்டதும் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். ஒரே வெறி. சம்பளத்தில் வாடகை, சாப்பாடு, போக்குவரத்து போக மிச்சம் முழுவதும் கடனுக்கு என்று நானே ஒரு திட்டம் போட்டேன், வெளியே போவது கிடையாது, யாருக்கும் பரிசு கிடையாது, மனைவி கேட்ட எதற்கும் 'கடன் முடியட்டும்' என்று ஒரே பதில். 4 மாதம் ஓடியது. ஐந்தாவது மாதம் ஃபிரிட்ஜ் செத்துப்போனது. கையில் ஒன்றும் இல்லை, கார்டைத்தான் தேய்த்தேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன என்று அந்த மாதமே வேறு இரண்டு செலவும் கார்டில் போட்டேன். கடன் திட்டங்கள் உடைவது ஃபிரிட்ஜால் இல்லை, ஃபிரிட்ஜுக்குப் பிறகு வரும் அந்த இரண்டு செலவால்தான்.

இரண்டாவது முறை கார்டு, தனிநபர் கடன், சாமான் தவணை எல்லாவற்றையும் ஒரே கடனாக மாற்றி 60 மாதத் திட்டம் போட்டபோது, என்னால் கட்ட முடிகிற அளவைவிடக் கொஞ்சம் குறைவாகவே தவணையை வைத்துக்கொண்டேன். மிச்சத்தில் ஒரு பகுதி தனிக் கணக்கில். 24 சதவீத வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது சேமிப்பில் பணம் வைப்பது கணக்குப்படி மடத்தனம். தெரியும். ஆனால் 19ஆவது மாதம் உடம்பு சரியில்லாமல் சம்பளம் பாதியாக வந்தபோது அந்த மடத்தனம்தான் தவணையைக் கட்டியது. பழைய கார்டுகளை அதற்குள் மூடியிருந்தேன், அதையும் சொல்ல வேண்டும். எல்லாக் கடனையும் ஒன்றாக்கிவிட்டு காலியான கார்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறவர்கள் இரண்டு கடனோடு வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நண்பனின் கைமாற்று மட்டும் தனியாக இருந்தது. வட்டி கிடையாது, அவனும் கேட்கவில்லை. கணக்குத் தெரிந்தவர்கள் அதைக் கடைசியில் கொடு என்பார்கள், வட்டி அதிகமான கடனை முதலில் அடைப்பதுதான் பணத்தை மிச்சப்படுத்தும், அதில் வாதமே இல்லை. நான் அதைத்தான் முதலில் அடைத்தேன், 7 மாதத்தில். காரணம் ரொம்பச் சின்னது: அவன் போன் வந்தால் எடுக்கப் பயமாக இருந்தது. கொடுத்து முடித்த பிறகு எனக்கு வேலையில்கூட மூளை ஓட ஆரம்பித்தது என்றால் சிரிப்பீர்கள். 2019இல் வெளியான ஓர் ஆய்வைப் பிறகுதான் படித்தேன். சிங்கப்பூரில் குறைந்த வருமானக் குடும்பங்களின் நாள்பட்ட கடன்களை ஒரு தொண்டு அமைப்பு அடைத்துக் கொடுத்திருக்கிறது, முன்னும் பின்னும் அவர்களைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரே அளவு தொகை அடைபட்டிருந்தாலும், அதிகமான கடன் கணக்குகள் மூடப்பட்டவர்களுக்குத்தான் பதற்றம் கூடுதலாகக் குறைந்து யோசிக்கும் திறன் கூடியிருந்தது. தலையில் ஓடுவது தொகையைவிட எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் போலிருக்கிறது.

அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். வெளிப்பக்கம் ஒட்டினால் வருகிறவர்கள் கேட்பார்கள். தாளில் பெட்டி பெட்டியாக வரைந்து, தவணை போக போக ஒவ்வொன்றாக வண்ணம் அடிப்பது. 60 தவணைக்கு 64 பெட்டி வரைந்தேன், தோற்றுப்போன திட்டத்தில் கட்டிய 4 மாதத்துக்கும் சேர்த்து. ஆக, முதல் நாளே 4 பெட்டி நிறைந்திருந்தது. இதற்கும் ஓர் ஆதாரம் உண்டு: 2006இல் வெளியான ஆய்வில் கார் கழுவும் இடம் ஒன்றில் வாடிக்கையாளர்களுக்கு அட்டை கொடுத்தார்கள், பாதிப் பேருக்கு 8 முத்திரை சேர்க்க வேண்டிய அட்டை, மீதிப் பேருக்கு 10 முத்திரை அட்டை, ஆனால் அதில் 2 ஏற்கெனவே குத்தப்பட்டிருக்கும். இருவருக்கும் தேவை 8தான். முதல் வகையில் 19 சதவீதம் பேர் முடித்தார்கள், இரண்டாவதில் 34 சதவீதம். நம்மை நாமே கொஞ்சம் ஏமாற்றிக்கொள்வதில் தவறில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

போனில் இதற்கென்று செயலிகள் இருக்கின்றன, மூன்றைப் போட்டுப் பார்த்து அழித்துவிட்டேன். தினமும் திறந்து பார்க்கத் தூண்டுகின்றன, தினமும் பார்த்தால் கடன் அசையவே அசையாது. ஊக்கம் தரும் வீடியோக்களும் அப்படித்தான், 'நான் 11 மாதத்தில் எல்லாக் கடனையும் அடைத்தேன்' என்று ஒருவர் சிரித்துக்கொண்டே பேசுவார், அவர் சம்பளம் என்ன, வாடகை உண்டா இல்லையா என்று கடைசிவரை சொல்ல மாட்டார். பார்த்து முடித்தால் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

உருப்படியாக உதவியது அக்கா. கடன் விஷயத்தை வீட்டுக்கு வெளியே சொன்னது அவளிடம் மட்டும்தான், அதுவும் ஒரு வருஷம் மறைத்து வைத்த பிறகு. திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. பணம் தருகிறேன் என்றும் சொல்லவில்லை, அதற்கு இன்றைக்கு நன்றியாக இருக்கிறேன், தந்திருந்தால் இன்னொரு ஆளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி சாயங்காலம் போன் செய்வாள்.

"போச்சாடா?"

"போச்சுக்கா."

அப்புறம் வேறு பேச்சு. அரை நிமிஷம்தான். 19ஆவது மாதம், காய்ச்சலில் படுத்திருந்தபோது, இந்த முறை விட்டுவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன், 5ஆம் தேதி அவளிடம் 'போகலைக்கா' என்று சொல்வதை நினைத்துப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்து தனிக் கணக்கிலிருந்து பணத்தை மாற்றினேன். (தனிக் கணக்கிலும் பணம் இல்லாவிட்டால், தேதிக்கு முன்பே கடன் கொடுத்த இடத்தைக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். தேதிக்குப் பிறகு பேசினால் அபராதத்தைப் பற்றித்தான் பேச்சே இருக்கும்.)

எல்லாம் சரியாகச் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். முதல் வருஷம் முடியும்போது ஒரு போனஸ் வந்தது, ஒரு தவணைக்குச் சமமான தொகை. புது போன் வாங்கினேன். ஒரு வருஷம் அடக்கி வாசித்தோமே என்ற நினைப்பு. அதே தொகையை அன்று கூடுதலாகக் கட்டி, தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால், கடைசியில் இரண்டரை தவணை காணாமல் போயிருக்கும். இன்று கட்டினால் ஒன்றே முக்கால்தான். முன்கூட்டியே கட்டினால் கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும், அது தனி. அந்த போனின் திரை போன மழையிலேயே விரிசல் விட்டுவிட்டது. குறுஞ்செய்தி அதில்தான் வருகிறது.

பரிசு எதுவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது 10 பெட்டிக்கு ஒருமுறை நானும் மனைவியும் ஒரு நாள் லீவு போடுகிறோம், இரண்டு பேரும் போனை அணைத்துவிட்டு வீட்டில் தூங்குகிறோம். 30ஆவது பெட்டிக்கு அவள்தான் வண்ணம் அடித்தாள், கோட்டுக்கு வெளியே போய்விட்டது, அதற்கு ஒரு சண்டை.

போன வார ஸ்டேட்மென்ட்டுக்குப் பிறகு தாளில் ஒரு மாற்றம் செய்தேன். 39ஆவது தவணைக்கான பெட்டியைச் சுற்றி சிவப்பில் கட்டம் போட்டிருக்கிறேன், அந்த மாதம்தான் மீதி அசல் 50க்குக் கீழே இறங்கும், 49 சொச்சம் இல்லை, 48.9. இன்னும் 8 மாதம். சாயங்காலம் அக்கா கூப்பிட்டபோது இதைச் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன், அசல், வட்டி, முந்துவது எல்லாம்.

"அதெல்லாம் இருக்கட்டும், இன்னைக்குப் போச்சா?"

"போச்சுக்கா."